பைத்தானில் மெதுவாக ஓடும் பகுதியை மட்டும் ரஸ்ட்டில் எழுதுவது எப்படி: அளப்பதிலிருந்து வீல் கட்டுவது வரை

பெங்களூர் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் கூடுகிறோம். பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் கொண்டு எழுத்தாக மாற்றி, பிழை திருத்துவது எங்கள் வேலை. பழைய அச்சில் 'ர'வும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வந்த நூல் என்றால் துதிக்கை போட்ட லை, னை எல்லாம் வரும். கணினி இவற்றைத் தப்பாகப் படிக்கும். அதனால் அகராதியில் இல்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் மிக நெருக்கமான அகராதிச் சொற்களைக் கண்டுபிடித்துத் தருகிற நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். சரியாகத்தான் வேலை செய்தது, ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

அந்த நிரலை வேகமாக்கிய கதையை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம். படிகள் மாறாது.

கம்பைல் செய்த எக்ஸ்டென்ஷன் என்றால், சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் போன்ற மொழியில் எழுதி, எந்திர மொழிக்கு மாற்றி, பைத்தானிலிருந்து சாதாரண மாட்யூல்போல இம்போர்ட் செய்துகொள்ளும் கோப்பு. எண் வரிசைகளுக்கான நம்பை லைப்ரரி இப்படித்தான் சி மொழியில் நிற்கிறது. அட்டவணைத் தரவுக்கான போலார்ஸ், தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் இரண்டாம் பதிப்பின் உட்பகுதி ஆகியவை ரஸ்ட்டில் எழுதப்பட்டவை. நீங்கள் தினமும் பயன்படுத்துவதுதான், இப்போது நீங்களே ஒன்று எழுதப்போகிறீர்கள்.

ஏன் மெதுவாக ஓடுகிறது

எங்கள் நிரலின் இதயம் லெவன்ஷ்டைன் தூரம். 1965-இல் விளாடிமிர் லெவன்ஷ்டைன் வெளியிட்டது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற கணக்கு. ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசைகளாகவும் மற்றதன் எழுத்துகளை நெடுக்கைகளாகவும் வைத்து ஒரு அட்டவணை நிரப்பித்தான் இதைக் கணக்கிடுவார்கள். எட்டெழுத்துச் சொல்லை இன்னொரு எட்டெழுத்துச் சொல்லோடு ஒப்பிட 64 கட்டங்கள் நிரப்ப வேண்டும். அகராதியில் 1 லட்சம் சொல் இருந்தால் ஒரு பிழைச் சொல்லுக்கு 64 லட்சம் கட்டம். புத்தகத்தில் 5,000 தனிப் பிழைச் சொல் என்று வையுங்கள், 3,200 கோடி கட்டம்.

பைத்தான் ஒரு கட்டத்தை நிரப்ப மூன்று கூட்டல் போட்டு, விடைகளில் சிறியதைத் தேர்ந்து, லிஸ்ட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் நமக்கு வெறும் கூட்டல். பைத்தானுக்கு அப்படியில்லை. இரண்டு பக்கமும் என்ன டைப் என்று பார்க்க வேண்டும், எண்ணை அதன் உறையிலிருந்து எடுக்க வேண்டும், கூட்டிய விடைக்கு ஒரு ஆப்ஜெக்ட் வேண்டும், எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் திருத்த வேண்டும். 64 பிட் கணினியில் சின்ன ஒரு முழு எண்ணே பைத்தானில் 28 பைட் பிடிக்கிறது. வினாடிக்கு 30 லட்சம் கட்டம் நிரப்பினால்கூட மேலே சொன்ன வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதே கட்டத்தைக் கம்பைல் செய்த மொழி வினாடிக்குச் சில பத்துக் கோடி தடவை நிரப்பிவிடும், ஏனென்றால் அங்கே எண் வெறும் எண்ணாகவே இருக்கிறது.

ஆனால் இந்த வேகம் மொழியை மாற்றியதால் மட்டும் வராது. நீங்கள் அந்தப் பக்கம் கொடுக்கிற தரவு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ரஸ்ட்டுக்குப் போய் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: அளப்பது

எதையும் மாற்றும் முன் அளந்துவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு கணக்கீட்டுப் பகுதியை மூன்று வாரம் செலவழித்து சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினோம். முடித்துவிட்டுப் பார்த்தால் மொத்த நேரத்தில் பெரும்பகுதி டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருந்த நேரம். நெட்வொர்க்குக்கோ டிஸ்க்குக்கோ காத்திருக்கும் நிரலுக்கு இந்த வழிகாட்டியால் பயன் இல்லை. ப்ராசஸர் நூறு சதவீதம் உழைக்கிற இடத்துக்குத்தான் இது.

பைத்தானோடு வரும் சிப்ரொஃபைல் எந்த ஃபங்ஷன் எத்தனை தடவை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் தின்றது என்று சொல்லும். ஒரு குறை உண்டு. ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் அது கணக்கெடுப்பதால் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் உண்மையில் இருப்பதைவிட மெதுவானவையாகத் தெரியும். அதனால் நான் கூடவே பை-ஸ்பையும் ஓட்டுவேன். அது வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, நொடிக்குப் பல தடவை 'இப்போது எந்த வரியில் இருக்கிறாய்' என்று மாதிரி எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தத் தேவையில்லை. நெருப்புப் படம் ஒன்றும் வரைந்து தரும், அதில் அகலமான பட்டைதான் நேரம் போகிற இடம்.

அளந்த பிறகு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மொத்த நேரத்தில் 80 சதவீதம் ஒரு ஃபங்ஷனில் போகிறது என்றால், அதைப் பூஜ்ஜிய நேரத்துக்குக் கொண்டுவந்தாலும் முழு நிரல் ஐந்து மடங்குதான் வேகமாகும். 50 சதவீதம் என்றால் இரண்டே மடங்கு. இது கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்னது. இந்தக் கணக்கில் கிடைக்கும் லாபம் உங்களுக்குப் போதாது என்றால் வேறு இடத்தைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: பைத்தானிலேயே முடிவது எவ்வளவு

அளந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டம் நிரப்பும் லூப் முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குச் சமமாக எழுத்துப் பிரிக்கும் ஃபங்ஷன் நின்றது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இப்படிக் கணினி தனித்தனி எண்ணாக வைக்கும் குறிகளை யூனிகோடு புள்ளிகள் என்பார்கள். இவற்றின் மேல் தூரம் அளந்தால் 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள பிழையும் 'க'வுக்கும் 'ப'வுக்கும் உள்ள பிழையும் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி தனி எழுத்தாக எண்ணப்படும். அதனால் முதலில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கிறேன். துணைக்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்து தொடங்கு. எளிய விதிதான். ஆனால் அந்தப் பிரிப்பைத் தூரம் அளக்கும் ஃபங்ஷனுக்கு உள்ளேயே வைத்திருந்தேன். அகராதியின் 1 லட்சம் சொல்லும் ஒவ்வொரு பிழைச் சொல்லுக்கும் புதிதாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது!

அதை வெளியே எடுத்து, அகராதியை ஒரே தடவை பிரித்து வைத்தேன். அப்புறம் நீளம் இரண்டெழுத்துக்கு மேல் வேறுபடும் சொற்களை ஒப்பிடாமலே விட்டேன். இதுவரை கிடைத்த குறைந்த தூரத்தை ஒரு வரிசையின் எல்லாக் கட்டமும் தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்தினேன். கம்பைலர் பக்கமே போகாமல் ராத்திரி முழுக்க ஓடியது ஒரு மணி நேரத்துக்குள் வந்தது.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மோசமான வழிமுறையை ரஸ்ட்டில் எழுதினால் அது வேகமாக ஓடும் மோசமான வழிமுறை, அவ்வளவுதான்.

ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தூரம் அளக்க ரேப்பிட்ஃபஸ் என்ற நல்ல லைப்ரரி உண்டு. உள்ளே சி பிளஸ் பிளஸ். சாதாரணத் தூரம் போதுமென்றால் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் ஒரு எண்ணாக மாற்றி அதனிடமே கொடுத்துவிடலாம். எங்களுக்கு அது போதவில்லை. 'ன' 'ண' ஆனது சின்னப் பிழை, 'ன' 'ப' ஆனது பெரிய பிழை, எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறுகிறது என்பதைப் பொறுத்து விலை வேண்டியிருந்தது. அதனால்தான் சொந்தமாக எழுதினோம்.

மூன்றாம் படி: தரவை எண்ணாக்குவது

வழிகாட்டியில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான்.

பைத்தானில் என் அகராதி லிஸ்ட்டுகளின் லிஸ்ட்டாக இருந்தது. வெளி லிஸ்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுட்டி (மெமரி முகவரி) வைத்திருக்கிறது, சொல் லிஸ்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் 8 பைட் சுட்டி வைத்திருக்கிறது, சுட்டியின் முனையில் ஒரு ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட் மெமரியில் எங்கேயோ கிடக்கிறது. இதை அப்படியே ரஸ்ட்டிடம் கொடுத்தால், ரஸ்ட்டும் ஒவ்வொரு சுட்டியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தன் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பைத்தான் 3.3-லிருந்து தமிழ் ஸ்ட்ரிங்கை ஒரு யூனிகோடு புள்ளிக்கு 2 பைட்டாக வைக்கிறது. ரஸ்ட் யூடிஎஃப்-8 என்ற வேறு வடிவத்தைக் கேட்கும், அங்கே அதே புள்ளிக்கு 3 பைட். ஒவ்வொரு தடவையும் இந்த மாற்றத்துக்கே நேரம் போகும்.

தமிழ் எழுத்துகள் 247. கிரந்தத்தையும் சேர்த்தால் 300 சொச்சம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தால் 16 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். சொல் என்பது எண்களின் வரிசை. அகராதி முழுவதையும் ஒரே நீண்ட எண் வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்குகிறது என்று இன்னொரு சின்ன வரிசை வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சராசரி 8 எழுத்து என்றால் 1 லட்சம் சொல்லும் 16 லட்சம் பைட்டில் அடங்குகிறது. ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே உள்ள கேஷ் மெமரியில் பெரும்பாலும் நின்றுவிடும் அளவு.

மாற்று விலைகளும் அப்படியே. சுமார் 300க்கு 300 அட்டவணை, ஒவ்வொரு கட்டமும் ஒரு பைட், மொத்தம் 90,000 பைட்டுக்குக் கொஞ்சம் மேல். தசம எண்ணுக்குப் பதில் முழு எண் வைத்தேன். சாதாரண மாற்றத்துக்கு 10, 'ன', 'ண' போன்றவற்றுக்கு 3.

எண்ணாக்கும் முன் ஒரு எச்சரிக்கை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே புள்ளியாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஓட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தையே போட்டிருந்தால் அது நார்மலைஸில் சரியாகாது, அதை நீங்களே பார்த்துத் திருத்த வேண்டும். இந்தச் சுத்தம் செய்யும் வேலையெல்லாம் பைத்தானிலேயே இருக்கட்டும். ஒரு தடவைதான் நடக்கிறது, அடிக்கடி மாற்றவும் வேண்டியிருக்கும்.

நான்காம் படி: எந்தக் கருவி

நிறைய இருக்கின்றன. என் தேர்வு முறையைச் சொல்கிறேன்.

உங்கள் லூப் நம்பை வரிசைகளின் மேல் எண் கணக்கு மட்டும் செய்கிறது என்றால் முதலில் நம்பா என்ற கம்பைலரை முயன்று பாருங்கள். ஃபங்ஷன் தலையில் ஒரு டெக்கரேட்டர் போட்டால் போதும், ஓடும்போதே எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு வழியாகக் கம்பைல் செய்துவிடும். முதல் அழைப்பு மட்டும் மெதுவாக இருக்கும். எங்கள் வேலையையும் நம்பா நன்றாகவே செய்திருக்கும், ஆனால் நண்பர்களின் கணினிகளில் அதையும் அதோடு வரும் கனமான எல்எல்விஎம்மையும் நிறுவ நான் விரும்பவில்லை.

சைதான் என்பது பைத்தான் போலவே தோன்றும் மொழி. 2007-இல் பைரெக்ஸ் என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. மாறிகளுக்கு டைப் எழுதினால் சி நிரலாக மாற்றித் தருகிறது. பைத்தான் கோப்பையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போகலாம் என்பது இதன் பெரிய பலம். '-ஏ' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் ஒரு வலைப்பக்கம் தரும், அதில் மஞ்சளாக உள்ள வரிகள் இன்னும் பைத்தானைத் தொடுகின்றன என்று பொருள். உள் லூப்பில் மஞ்சள் மறையும்வரை டைப் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கையில் ஏற்கெனவே சி பிளஸ் பிளஸ் லைப்ரரி இருந்தால் அதைப் பைத்தானோடு இணைக்கும் பைபைண்ட்11 அல்லது அதன் இளைய உறவான நானோபைண்ட் எடுக்கலாம்.

பைத்தானின் உள்ளமைப்பைச் சி மொழியிலிருந்து நேரடியாகத் தொடும் சி ஏபிஐயில் எழுதுவதை நான் யாருக்கும் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் பிடிப்பு எண்ணிக்கையையும் நாமே ஏற்றி இறக்க வேண்டும். ஒன்று மறந்தால் மெமரி கசியும், ஒன்று கூடுதலாக இறக்கினால் நிரல் செத்துவிழும், அதுவும் தப்பு நடந்த இடத்திலிருந்து வெகு தூரத்தில்.

நான் ரஸ்ட்டையும், அதைப் பைத்தானோடு இணைக்கும் பைஓ3 லைப்ரரியையும் தேர்ந்தெடுத்தேன். பிடிப்பு எண்ணிக்கையை அது பார்த்துக்கொள்கிறது, வரிசைக்கு வெளியே கை நீட்டினால் தடுக்கிறது, ப்ராசஸரின் பல கோர்களில் ஓட்டுவது எளிது, கட்டிக் கொடுக்கும் கருவியும் நேர்த்தியாக இருக்கிறது. ரஸ்ட் தெரியாதவருக்கு முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அவசரமாக நாளைக்கே முடிக்க வேண்டும் என்றால் சைதான் எடுங்கள்.

ஐந்தாம் படி: எழுதிக் கட்டுவது

ரஸ்ட்டப் என்ற நிறுவல் கருவி மூலம் ரஸ்ட்டை நிறுவுங்கள். பைத்தானில் தனி வெர்ச்சுவல் சூழல் ஒன்று தொடங்கி, அதில் பிப் மூலம், ரஸ்ட் நிரலைப் பைத்தான் மாட்யூலாகக் கட்டும் கருவியான மாட்டுரினை நிறுவுங்கள். அப்புறம் 'மாட்டுரின் நியூ' என்று திட்டப் பெயரோடு கொடுத்தால் எந்த வகை இணைப்பு என்று கேட்கும், பைஓ3 என்று தேர்ந்தெடுங்கள். மூன்று கோப்புகள் முக்கியம்: ரஸ்ட் பக்கத்து விவரங்களுக்குக் கார்கோ கோப்பு, பைத்தான் பக்கத்துக்குப் பைப்ராஜெக்ட் கோப்பு, நிரல் எழுத லிப் கோப்பு. கிரேட் (ரஸ்ட் நிரல் தொகுப்பு) வகை சிடைலிப் (பிற மொழிகள் ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி) என்று கார்கோ கோப்பில் இருக்கிறதா பாருங்கள். மாட்டுரினே போட்டிருக்கும்.

லிப் கோப்பில் முதலில் பைத்தான் வாசனையே இல்லாத சுத்தமான ரஸ்ட் ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். எண்களின் இரண்டு துண்டுகளை வாங்கி, விலை அட்டவணையைப் பார்த்து, தூரத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். முழு அட்டவணை வேண்டாம், முந்தைய வரிசை, இப்போதைய வரிசை என்று இரண்டு போதும். அந்த இரண்டையும் ஒரே தடவை ஒதுக்கி, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் மறுபடி பயன்படுத்துங்கள். உள் லூப்பில் மெமரி ஒதுக்கினால் சம்பாதித்த வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

அதற்கு மேல் மெல்லிய உறையாகப் பைத்தானுக்குத் தெரியும் பகுதி. நான் ஃபங்ஷனாக வைக்காமல் பைகிளாஸ் என்ற குறி போட்டு ஒரு கிளாஸாக வைத்தேன். உருவாக்கும்போது அகராதி வரிசையையும் தொடக்க இடங்களையும் வாங்கி ரஸ்ட் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். அதன் மெத்தட் பிழைச் சொற்களின் பட்டியலையும் விலை அட்டவணையையும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நெருக்கமான ஐந்து சொற்களின் எண்களைத் தரும்.

பைத்தான் போலவே ரஸ்ட்டும் 1.53 பதிப்பிலிருந்து தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. ஃபங்ஷனுக்குத் தூரம் என்றே பெயர் வைக்கலாம். மாட்யூலின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் வையுங்கள், ஆஸ்கிக்கு வெளியே உள்ள மாட்யூல் பெயருக்கு இறக்குமதி விதி தனி.

கட்டுவதற்கு 'மாட்டுரின் டெவலப் --ரிலீஸ்'. அந்த ரிலீஸை விட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை விட்டுவிட்டேன், எதிர்பார்த்த வேகத்தின் பக்கத்திலேயே வரவில்லை, வழிமுறையில்தான் கோளாறு என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். ரிலீஸ் இல்லையென்றால் சோதனைக்கான டீபக் கட்டுமானம் வரும், அதில் வேகத்துக்கான திருத்தம் எதுவும் இருக்காது.

டீபக் கட்டுமானத்துக்கும் ஒரு வேலை உண்டு. பைத்தானில் எண் எவ்வளவு பெரிதானாலும் நிரம்பி வழியாது. ரஸ்ட்டில் 16 பிட் எண் 65,535-ஐத் தாண்டினால் டீபக்கில் சத்தம் போட்டு நிற்கும், ரிலீஸில் பேசாமல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடும். அதனால் முதலில் டீபக்கில் எல்லாச் சோதனையையும் ஓட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கார்கோ கோப்பின் ரிலீஸ் பகுதியில் ஓவர்ஃப்ளோ சோதனையை இயக்கி வைக்கலாம்.

ஆறாம் படி: எல்லையை எத்தனை தடவை தாண்டுகிறீர்கள்

எங்கள் குழுவில் ஒருவர் ஓசூரிலிருந்து வருகிறவர். தன் அலுவலகத் திட்டத்தில் இதே முறையை முயன்றுவிட்டு, "அண்ணா, தூரம் பார்க்கிற ஃபங்ஷனை மட்டும் ரஸ்ட்டில் மாத்தினேன், பெருசா வித்தியாசம் தெரியலையே" என்றார். திரையைத் திருப்பிக் காட்டினார். அவருடைய பைத்தான் லூப் ஒவ்வொரு சொல் ஜோடிக்கும் ஒரு தடவை ரஸ்ட்டை அழைத்தது.

அவருக்கே தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் ஒரு லாரித் தேங்காயை ஒரே தடவையில் தாண்ட வைப்பதற்கும், ஒவ்வொரு தேங்காயாகக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு அழைப்பிலும் ஆர்கியுமெண்ட்டைப் பிரித்து, டைப் பார்த்து, மாற்றி, விடையை மறுபடி பைத்தான் ஆப்ஜெக்ட்டாக்க வேண்டும். லிஸ்ட்டாகக் கொடுத்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக நகலெடுக்கப்படும். எட்டெழுத்துச் சொல்லின் கணக்கே இந்தச் சடங்கைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் வெளி லூப்பும் ரஸ்ட்டுக்குள் போக வேண்டும். அகராதி ஒரே தடவை தாண்டட்டும். பிழைச் சொற்கள் ஆயிரம் ஆயிரமாகத் தாண்டட்டும். பெரிய எண் வரிசை என்றால் நம்பை வரிசையாகவே கொடுங்கள், ரஸ்ட்-நம்பை லைப்ரரி நகலெடுக்காமல் அதே மெமரியைப் படிக்கும். அவர் அன்றைக்கே மாற்றினார், அடுத்த வாரம் வரும்போது முகத்திலேயே தெரிந்தது.

ஏழாம் படி: எல்லாக் கோர்களையும் பயன்படுத்துவது

பைத்தானில் ஜிஐஎல் என்ற பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தான் நிரலை ஓட்ட முடியும். நம் ரஸ்ட் லூப் பைத்தான் ஆப்ஜெக்ட் எதையும் தொடுவதில்லை, வெறும் எண்கள்தான். அதனால் பூட்டை விட்டுவிட்டு ஓடலாம். பைஓ3-இல் இதற்கான மெத்தட்டின் பெயர் முன்பு அலவ் திரெட்ஸ், 0.26 பதிப்பிலிருந்து டிடாச். பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதும்போது இந்தப் பெயர் மாற்றம் குழப்பும். அதற்குள்ளே, லூப்பைப் பல திரெட்டுகளுக்குப் பிரித்து ஓட்டும் ரேயான் லைப்ரரியின் இணை இட்டரேட்டரைப் போட்டால் பிழைச் சொற்கள் கோர்களுக்குப் பிரிந்துவிடும். உள்ளே தவறிப்போய்ப் பைத்தான் ஆப்ஜெக்ட்டைத் தொட்டால் ரஸ்ட் கம்பைலர் கட்டவே விடாது. சைதானில் இதே வேலைக்கு 'வித் நோஜில்'.

ஒன்று கவனியுங்கள். ரஸ்ட் லூப் ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்காது, பைத்தானுக்குத் திரும்பியபிறகுதான் அந்தச் சிக்னல் கவனிக்கப்படும். ஆயிரம் சொல்லாகப் பிரித்துக் கொடுத்தால் நடுநடுவே பைத்தானுக்குத் திரும்பி வருவதால் இந்தத் தொல்லை தீரும். பெரிய ஒரே வேலை என்றால் அவ்வப்போது செக் சிக்னல்ஸ் அழைக்க வேண்டும்.

பூட்டு இல்லாத பைத்தான் 3.13-இல் பரிசோதனையாக வந்து, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. அதில் உங்கள் மாட்யூல் பூட்டு இல்லாமல் ஓடத் தயார் என்று அறிவிக்காவிட்டால், இம்போர்ட் செய்தவுடன் பைத்தான் எச்சரிக்கை தந்து பூட்டை மறுபடி போட்டுவிடும்.

எட்டாம் படி: பழையதை வைத்துப் புதியதைச் சோதிப்பது

பழைய பைத்தான் ஃபங்ஷனை அழிக்காதீர்கள். அதுதான் இனி உங்கள் உரைகல். மெதுவாக ஓடினாலும் சரியாக ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சோதனைத் தரவைத் தானே உருவாக்கும் ஹைபாதிசிஸ் லைப்ரரி கொண்டு தாறுமாறான எண் வரிசைகளை உருவாக்கி, இரண்டு ஃபங்ஷனுக்கும் கொடுத்து, விடை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுச் சொல், ஓரெழுத்துச் சொல், ஒரே சொல் இரண்டு பக்கமும், அட்டவணையில் இல்லாத எழுத்து எண் எல்லாவற்றையும் கட்டாயம் சேருங்கள். எங்களுக்கு வெற்றுச் சொல்லில்தான் முதல் தப்பு பிடிபட்டது.

எக்ஸ்டென்ஷன் நிறுவ முடியாத கணினியில் பழைய ஃபங்ஷனே ஓடும்படி இம்போர்ட் பிழையைப் பிடித்து மாற்றிவிடலாம். அப்படிச் செய்தால் ஒரு வரி எச்சரிக்கையும் திரையில் வரட்டும். சத்தமில்லாமல் பழையதற்குத் தாவினால் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று யாருக்கும் புரியாது.

ஒன்பதாம் படி: அடுத்தவர் கணினிக்குக் கொடுப்பது

உங்கள் லேப்டாப்பில் ஓடுவது பாதி வேலைதான். எங்கள் குழுவில் மூன்று பேர் விண்டோஸ், ஒருவர் மேக். அவர்களிடம் ரஸ்ட் நிறுவச் சொல்ல முடியாது. வீல் கோப்பு, அதாவது பிப் அப்படியே நிறுவிக்கொள்ளும்படி முன்கூட்டியே கட்டிய பொதி, கொடுக்க வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனி வீல். பைஓ3-இல், பதிப்புக்குப் பதிப்பு மாறாத இணைப்பைப் பயன்படுத்தும் ஏபிஐ3 வசதியை இயக்கி, குறைந்தபட்சப் பதிப்பு 3.9 என்று சொல்லிவிட்டால் அதற்கு மேலுள்ள பதிப்புகளுக்கு ஒரே வீல் போதும், சிஸ்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் மிஞ்சும். 3.14 வரை பூட்டில்லாத பைத்தானுக்கு இந்த வழி செல்லாது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

'மாட்டுரின் ஜெனரேட்-சிஐ கிட்ஹப்' என்ற கட்டளை எல்லாச் சிஸ்டத்துக்கும் கட்டும் வேலைக் கோப்பை எழுதித் தரும். லினக்ஸுக்கு உங்கள் கணினியிலேயே கட்டிக் கொடுத்தால் பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம், பல லினக்ஸ்களிலும் ஓடும்படி கட்டித் தரும் மெனிலினக்ஸ் சூழலில் கட்ட வேண்டும். அந்தக் கோப்பே அதையும் பார்த்துக்கொள்ளும். வேகத்துக்காக, உங்கள் ப்ராசஸருக்கென்றே கட்டும் 'டார்கெட்-சிபியு நேட்டிவ்' போட்டுக் கட்டிய வீலை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் ப்ராசஸருக்குத் தெரிந்த கட்டளை அவர்களுடைய பழைய ப்ராசஸருக்குத் தெரியாமல் நிரல் பட்டென்று நின்றுவிடும்.

விலை அட்டவணையை ரஸ்ட்டுக்குள் எழுதாமல், பைத்தான் பக்கத்தில் சாதாரண உரைக் கோப்பாக வைத்து ஒவ்வொரு அழைப்பிலும் கொடுக்கும்படி செய்தேன் அல்லவா, அதன் பயன் இங்கேதான் தெரிந்தது. அடிக்கடி மாறுவது எதுவோ அதைப் பைத்தானில் வையுங்கள், மாற்றும்போது மறுபடி கட்டி, வீல் அனுப்பி, எல்லோரையும் நிறுவச் சொல்ல வேண்டியதில்லை. போன சனிக்கிழமை ஓசூர் நண்பர் தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு முழு நூலை ஓட்டினார். சில நிமிடத்தில் முடிந்தது. 'ர'வும் காலும் மாறுவதற்கு வைத்திருந்த விலை அதிகம் என்று விடைகளைப் பார்த்த ஒருவர் சொன்னார். உரைக் கோப்பைத் திறந்து 5-ஐ 3 ஆக்கினோம், மறுபடி ஓட்டினோம், அப்புறம் 2 ஆக்கியும் பார்த்தோம். கீழே காபி கலந்து மேலே கொண்டுவருவதற்குள் மூன்று விடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.